புதுக் காரில் போட்ட பதினொரு ஓட்டை

பிள்ளைகள், இதை நான் எழுத வேண்டி வந்ததற்கு உங்கட மாமாதான் காரணம். போகிற வீடெல்லாம் இந்தக் கதையைத் தனக்குத் தோதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்கிற கதையில் கார் தானாகப் பழுதாகிறது, அவர் வந்து காப்பாற்றுகிறார். நடந்தது அப்படி இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மகள் திருத்தட்டும். நடந்ததில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

வருஷக்கணக்காக ஓட்டோ ஓடினபிறகு நமக்கென்று ஒரு புதுக் கார் வந்தது. சின்னக் கார்தான், ஆனால் வெள்ளை வெளேரென்று இருந்தது. சீட்டில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்ற உங்கட அம்மா ஒரு கிழமை விடவில்லை. நாங்கள் எல்லாரும் சரக் சரக்கென்று சத்தம் கேட்கத்தான் உட்கார்ந்து எழும்பினோம்.

காரோடு ஒரு வொரண்டிப் புத்தகம் தந்தார்கள். எல்லாம் இங்கிலீசு. மகள், நீ முன் சீட்டில் இருந்து அதை வாசித்துத் தமிழில் சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"அப்பா, கவனமாக் கேளுங்க. கம்பனியக் கேக்காம கார்ல ஏதும் மாத்தம் செஞ்சா, அதால வாற பழுதுக்கு வொரண்டி இல்லையாம்."

அந்த நேரம் நான் கதவைத் திறந்து மூடி, அது எவ்வளவு மெத்தென்று மூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'வொரண்டி இல்லை' என்பதுதான் மனதில் நின்றது. அதற்கு முன்னால் நீ சொன்ன 'அதால வாற பழுதுக்கு' என்பது கதவுச் சத்தத்தோடு போய்விட்டது. பிறகு பட்ட பாடெல்லாம் அந்தத் துண்டைத் தவறவிட்டதால்தான்.

பக்கத்தில் நின்ற மாமா, "நாம எங்க மாத்தப் போறம்? உள்ளதோட கொஞ்சம் கூட்டுவம், அவ்வளவுதான்" என்றார்.

மாமா என்ன தொழில் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இங்கே சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கு லைட் சோடிக்கிறவர். கோபுரத்து உச்சியில் இருந்து ரோட்டு முனை வரைக்கும் பல்ப் மாலை கட்டுவார். அவருடைய வேலை முறை ஒன்றுதான். எந்த வயரில் கரண்ட் ஓடுகிறதோ, அதன் தோலைச் சுரண்டி, கொண்டுவந்த வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றுவார். பத்து நாள் எரிந்தால் போதும். கொடியிறக்கம் முடிந்த அடுத்த நாள் வந்து, எல்லாவற்றையும் வெட்டிச் சுருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கோயிலுக்கு அந்த முறை சரி. இதுவரைக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

நமது வீட்டில் ஒரு புதுப் பொருள் வந்தால், வந்தபடியே விட ஆருக்கும் மனம் வராது. தையல் மெஷினுக்கும் பூப் படம் ஒட்டினவர்கள் நாங்கள். முதலில் உங்கட அம்மா கேட்டா. டாஷ்போட்டில் மாதா சொரூபம் வைக்க வேண்டும், அதற்குச் சுற்றிவர ஒரு சின்ன லைட் இரவும் பகலும் எரிய வேண்டும். "மாதாவ இருட்டில வைக்க ஏலா" என்று சொல்லிவிட்டா. மகன், நீ காருக்கு அடியில் நீல லைட் கேட்டாய். மகள், வொரண்டிப் புத்தகத்தை வாசித்த அதே வாயால் பின் சீட்டில் போன் சார்ஜ் பண்ண ஒரு இடம் கேட்டதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மாமா ஆரும் கேளாமலே, காரைப் பின்னுக்கு எடுக்கும்போது குருவி மாதிரிக் கத்துகிற ஒரு பெட்டி பூட்டினார்.

நானும் குறைந்தவன் இல்லை. பழுகாமத்து வயல் வட்டைக்கு நெல் பார்க்கப் போகிற வழியில் காரின் அடி வரம்பில் தட்டியது. பின் சில்லு ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் ரப்பர்க் கட்டை வைத்து, பின்பக்கத்தை நாலு விரல் உயர்த்தினேன். அதற்குப் பிறகு கார் எப்போதும் எதையோ குனிந்து தேடுகிற மாதிரி நிற்கும்.

எல்லாம் முடிந்து ஒரு பின்னேரம் லைட்டுகளைப் போட்டோம். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பவனி எத்தின மணிக்கு வெளிக்கிடுது?" என்று கேட்டார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அதெல்லாம் முடிந்து மறுகாதான் பாசிக்குடா ஹோட்டல் ஓட்டம் கிடைத்தது. மட்டக்களப்பு ஸ்டேஷனில் காலமை ரயிலில் வந்து இறங்குகிற ஆட்களை ஏற்றி ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். நிரந்தரமான ஓட்டம். ரோட்டோரம் நின்று ஆள் பார்க்கிற சீவியம் முடிந்தது என்று நினைத்தேன். ஹோட்டல் மனேஜருக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான் இருந்தது. காரில் ஏஸி வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது ஓட்டத்தில் ஏஸி நின்றது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பின் சீட்டில் இருந்து பாசிக்குடா போய்ச் சேரும்போது அவிந்த இறால் நிறத்துக்கு வந்துவிட்டா. மனேஜர் போன் எடுத்தார்.

"அண்ணன், உங்கள எனக்கு நல்ல விருப்பம். ஆனா சனிக்கிழம வாற ஆக்களுக்கு ஏஸி இல்லாட்டி ஏலா. ஒரு வேன்காரர் ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறார். அவருக்குக் குடுத்தா மறுகா திருப்பி எடுக்க எனக்கும் ஏலா. பாத்துச் செய்யுங்க."

அன்று செவ்வாய். வெளியில் கொடுத்து ஏஸி திருத்த எனக்கு வழி இல்லை. கம்பனி கராஜில் வொரண்டியில் செய்தால்தான் உண்டு. அங்கே கொண்டுபோனால், இந்தச் சோடனையைப் பார்த்த உடனே வொரண்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் முடிவு கட்டினேன். புத்தகத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லி மகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன்.

"இதென்ன பெரிய வேல மச்சான்?" என்றார். "நாளைக்குக் கொடியிறக்கிருவம்."

புதன்கிழமை காலமை கொடியிறக்கம் தொடங்கியது. மாமா வயர் வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்குள் போனார். உள்ளே இருந்து டக், டக், டக் என்று வெட்டுகிற சத்தம்தான் வந்தது. ஒரு வயரை வெட்ட முதல் அது எங்கே போகிறது என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கோயிலில் எல்லா வயரும் அவருடையதுதானே.

நான் மாதா சொரூபத்தைக் கழற்றப் போனேன். உங்கட அம்மா குசினியில் இருந்து ஓடி வந்தா.

"மாதாவக் கழட்டி வைச்சிட்டு, மறுகா மாதாட்டயே உதவி கேக்கப் போறீங்களா?"

அவ அசைகிற மாதிரி இல்லை. மாதாவும் அசைகிற மாதிரி இல்லை, மாமா பூசின பசை அப்படி. லைட்டை மட்டும் கழற்றுவது என்று ஒருமாதிரி இணங்கினோம்.

கழற்றி முடிந்ததும், பூட்டுவதற்காக மாமா துளைத்த ஓட்டைகள் தெரிய வந்தன. பொருள் இருந்தவரைக்கும் ஓட்டை தெரியவில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் ஓட்டை. மகன், நீதான் சுற்றி வந்து எண்ணிப் பதினொன்று என்றாய். மாமா பன்னிரண்டு என்று அடித்துச் சொன்னார். போய்ப் பார்த்தால் பன்னிரண்டாவது சாவி போடுகிற ஓட்டை.

தோணிக்கு அடைக்கிற பசை வீட்டில் இருந்தது. அதை உருட்டி எல்லாவற்றையும் அடைத்தேன். அது சாம்பல் நிறம். வெள்ளைக் காரில் அம்மைத் தழும்பு மாதிரித் தெரிந்தது. உங்கட அம்மா உள்ளே போய்த் தன்னுடைய முகப் பவுடரைக் கொண்டுவந்து, ஒவ்வொரு தழும்புக்கும் ஒற்றி ஒற்றிப் பூசினா. உள்ளே டாஷ்போட் கறுப்பு. அதற்கு மகனுடைய பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் பூசுகிற கறுப்பைத் தடவினோம். பின் சுருளில் ரப்பர்க் கட்டை இறுகிப் போய் வரவே இல்லை. "அதுக்குள்ள ஆர் குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்று மாமா சொன்னார், நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கராஜுக்குப் போனோம். காரைப் பரிசோதிக்க வந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை. ஏறாவூர்ப் பக்கம். முக்காட்டுக்கு மேலே கம்பனித் தொப்பி, கையில் ஒரு டோர்ச்சும் படிவமும். கதவைத் திறந்த உடனே மூக்கைச் சுருக்கினா.

"அங்கிள், கார் கலியாண வீட்டுக்குப் போயிட்டு நேர வருதா?"

"ஏன் மகள்?"

"மணப்பொம்பிள வாசம் வருது."

அவ டாஷ்போட்டில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தா. கையை எடுத்தபோது உள்ளங்கை கறுப்பு. அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. மறுகா பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்தா. ஒரு வயரில் டேப் தீர்ந்துபோன இடத்தில் மாமா திருவிழா ஜிகினாத் தாளைச் சுற்றியிருக்கிறார். வெளிச்சம் பட்டதும் அது பளபளவென்று மின்னியது.

"இது என்ன?"

மாமா கொஞ்சமும் தடுமாறாமல், "அது வந்தபடி. கம்பனில சுத்தினது" என்றார்.

"கம்பனில ஜிகினாத் தாளா சுத்துறாங்க?"

"புது மொடல்தானே தங்கச்சி."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு சீட்டில் ஏறி இருந்து, ஒவ்வொரு சுவிச்சாகத் தட்டிப் பார்த்தா. லைட் எரிந்தது. ஹோர்ன் அடித்தது. இடப்பக்கப் பின் கதவின் கண்ணாடியை இறக்கினா, அழகாக இறங்கியது. ஏற்றினா, ஏறவில்லை. கதவுக்குள் இருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒரு பட்டாசுச் சத்தம், பவுடர் வாசத்துக்கு மேலால் ஒரு கருகல் வாசம். கண்ணாடி கதவுக்குள்ளேயே விழுந்து போனது.

மகளுக்கு போன் சார்ஜ் பண்ண மாமா கரண்ட் எடுத்தது அந்தக் கதவுக்குப் போகிற வயரில் இருந்து. முதல் நாள் அதை வெட்டிச் சுருட்டும்போது, காருடைய சொந்த வயரையும் முக்கால்வாசி வெட்டியிருக்கிறார். மிஞ்சின நாலு கம்பி நூலும் பக்கத்து வயரில் பட்டு, மோட்டரையும் எரித்துவிட்டன.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. களவு பிடிபட்டவன் மாதிரி எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். மாதா லைட், நீல லைட், குருவி, பசை, பவுடர், சப்பாத்துக் கறுப்பு. மாமா பின்னால் நின்று என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். ஓட்டம் தொடங்கின வாயை நிற்பாட்ட முடியாமல், அந்தப் பிள்ளை காணவே காணாத ரப்பர்க் கட்டையையும் சொல்லிப்போட்டேன்.

"அத ஏன் மச்சான் சொன்னீங்க?" என்று மாமா காதுக்குள் அழுதார்.

"அங்கிள், கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றா அந்தப் பிள்ளை. "நீங்க என்னத்துக்கு வந்தீங்க? ஏஸிக்குத்தானே?"

"ஓம் மகள். ஆனா வொரண்டி போயிட்டுத்தானே?"

"எது போயிட்டு?"

"முழு வொரண்டியும்."

"ஆர் சொன்ன? புத்தகம் வாசிக்கலையா?"

"வாசிச்சம்" என்றேன். மகள், நீ அந்த நேரம் பள்ளிக்கூடத்தில். அது என் நல்ல காலம்.

அவ பொறுமையாக விளங்கப்படுத்தினா. காரில் ஒன்றைப் பூட்டினதற்காக முழு வொரண்டியும் போவதில்லை. பூட்டின பொருளால் எந்தப் பகுதி பழுதாகிறதோ, அந்தப் பகுதிக்குத்தான் கம்பனி பொறுப்பெடுக்காது. பின்பக்கத்தை உயர்த்தினால் நாளைக்குச் சுருளோ அதற்குப் பக்கத்தில் உள்ளதோ உடைந்தால் வந்து கேட்க முடியாது. வயரில் கைவைத்தால் அந்த வயரில் ஓடுகிற பொருளைக் கேட்க முடியாது. ஆனால் குருவிப் பெட்டி பூட்டினதற்காக ஏஸிக்கு வொரண்டி தர மாட்டோம் என்று அவர்களும் சொல்ல முடியாது. தங்களுடைய கம்பனியில் இப்படி, மற்றக் கம்பனிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று அதை அதைப் பார்க்கத்தான் வேணும் என்றும் சொன்னா.

"ஆனா ஒண்டு அங்கிள். ஏஸியும் இவர் வெட்டினதால நிண்டதெண்டு வந்தா, என்னால ஒண்டும் செய்யேலா."

அவ சவர்க்கார நுரையைக் கொண்டுவந்து, ஏஸிக் குழாயில் ஒவ்வொரு பொருத்தாகப் பூசினா. நானும் மாமாவும் இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம். முதல் பொருத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் நுரை மெதுவாக ஊதி, ஒரு குமிழ் முட்டை வந்து வெடித்தது. மறுகா இன்னொன்று.

"இதுதான். உள் வளையம் சரியா இருக்கல்ல, காஸ் ஒழுகிப் போயிரிக்கு. கம்பனில இருந்தே வந்த பிழை." டோர்ச்சை இன்னும் கிட்டப் பிடித்துச் சுற்றிவரப் பார்த்தா. "இந்த இடத்துக்கு இவர்ர கை வரல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

மாமா நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா மச்சான்? நான் பூட்டினதால ஒரு பழுதும் வரல்ல."

"ஓம் அண்ணன்" என்றா அந்தப் பிள்ளை. "பூட்டினதால வரல்ல. கழட்டினதாலதான் வந்தது. ஒண்டையும் தொடாம அப்படியே கொண்டு வந்திருந்தா ஏஸியும் வொரண்டில செஞ்சிருப்பம், கண்ணாடியும் ஏறி இறங்கியிருக்கும்."

மாமா அதற்குப் பிறகு வெளியில் போய் வாகை மரத்துக்குக் கீழே நின்றுகொண்டார்.

நாங்கள் பூட்டினதையெல்லாம், குருவிப் பெட்டி வரைக்கும், அவ ஒரு தாளில் வரிசையாக எழுதி, கீழே முடிவையும் எழுதித் தந்தா. ஏஸிக்கு வொரண்டி உண்டு. பின் கதவுக் கண்ணாடிக்கு இல்லை. பின் சுருளுக்கு இனி இல்லை. இஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் முன்பு போலவே உண்டு. இனி ஒரு திருகாணி பூட்டுகிறதென்றாலும் முதலில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பூட்டச் சொன்னா. "வாயால ஓம் எண்டு சொன்னா நாளைக்கு நானும் மறந்திருவன், நீங்களும் மறந்திருவீங்க" என்றா. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன், பிள்ளைகள். நீங்கள் நாளைக்குக் கார் வாங்குவீர்கள். மாமா அப்போதும் இருப்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏஸி குளிர்ந்தது. ஆனால் கண்ணாடி மோட்டர் கொழும்பில் இருந்து வரக் கனநாள் செல்லும் என்றார்கள். ஒரு ஜன்னல் வாய் பிளந்து நின்றால் எந்த ஏஸியும் நிற்காது. கண்ணாடியைக் கையால் தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒரு ரப்பர் ஆப்பு செருகினால் நிற்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் கை வைக்கப் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"ஆப்பு வைக்கிறதுக்குமா அங்கிள் அனுமதி?"

"எழுத்தில தாங்க மகள்."

அவ அதே தாளின் கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தா.

சனிக்கிழமை காலமை ஸ்டேஷனில் இருந்து ஏறினது கொழும்பில் இருந்து வந்த ஒரு அம்மாவும் ஐயாவும். ஐயா ஏறின உடனே நித்திரை. நான் ஏஸியை முழுக்கத் திறந்துவிட்டேன். டவுனைக்கூடத் தாண்டவில்லை, அந்த அம்மா என் தோளில் தட்டினா.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தக் குளிர நிப்பாட்டுங்க. ரயில் ஏஸில விறைச்சு விறைச்சு வந்தனாங்கள். ஜன்னலத் திறவுங்க, கொஞ்சம் காத்து வரட்டும்."

எவ்வளவு பாடுபட்டு வாங்கின குளிர். என்ன செய்ய, நிற்பாட்டி இறங்கி ஆப்பை உருவினேன். கண்ணாடி 'தொப்' என்று உள்ளே விழுந்தது. அந்த அம்மா வாழைச்சேனை வரைக்கும் தலையை வெளியில் நீட்டிக்கொண்டு வந்தா. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பாசிக்குடாவுக்குத் திரும்புகிற சந்தியில் காரை ஓரம் கட்டினேன். வாசலில் மனேஜர் நிற்பார், ஏஸி இல்லை என்று கண்டால் ஓட்டம் போய்விடும் என்று அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"இவ்வளவுதானா? போடுங்க தம்பி" என்று சீலைத் தலைப்பை எடுத்துத் தலையையும் காதையும் மூடிக்கொண்டா. நான் கண்ணாடியைத் தூக்கி ஆப்பை வைத்து, ஏஸியைக் கடைசி மட்டும் திருகினேன். குளிரில் ஐயா கண் விழித்து, "இன்னும் ரயில்லயா இருக்கிறம்?" என்று கேட்டார்.

வாசலில் மனேஜர் பின் கதவைத் திறந்தார். குளிர் அவர் முகத்தில் அடித்தது. போர்த்துக்கொண்டு நடுங்குகிற அம்மாவைப் பார்த்து, "அண்ணன், நல்லாக் குளிருது, ஆனா இவ்வளவு வேணாம், ஆக்கள் பாவம்" என்றார். அவர்கள் இறங்கினதும் கதவை மரியாதையாகத்தான் மூடினார். ஆப்பு தெறித்து அவர் சப்பாத்தில் விழுந்தது. கண்ணாடி உள்ளே போனது.

ஆப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன?"

நான் இன்னொரு பொய்க்கு ஆயத்தமாக இருக்கவில்லை. தாளை எடுத்து நீட்டினேன். மேலே இருந்து கீழே வரைக்கும் வாசித்தார். குருவியில் ஒரு தரம் நின்றார். ஆப்புக்கு வந்தபோது சிரிப்பில் தோள் குலுங்கியது.

"ஆப்புக்கும் கையெழுத்து வாங்கின ஆள நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்று தாளையும் ஆப்பையும் என் கையில் வைத்தார். "கண்ணாடிய ஆறுதலாத் திருத்துங்க, அவசரமில்ல. வேன்காரருக்கு நான் சொல்லிக்கிறன். புதன்கிழம ரயிலுக்கு நீங்களே போங்க."